தண்ணி கேட்காத செடி

"செடிக்கு யாருடா தண்ணி ஊத்துவா?"

2013-ல் அப்பா போனதிலிருந்து என் அம்மா இந்த ஒரே கேள்வியை வைத்து என்னைத் தோற்கடித்துக்கொண்டிருக்கிறாள். நான் சென்னையில். அவள் சின்ன காஞ்சிபுரத்தில். நடுவில் 75 கிலோமீட்டர். "தனியா இருக்காதேம்மா, கிளம்பி வந்துடு" என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் ஒவ்வொரு பொங்கலுக்கும் மனுப் போடுவேன். வர மாட்டேன் என்று அவள் ஒருநாளும் சொன்னதில்லை. கொல்லைப்பக்கம் கையைக் காட்டி இந்தக் கேள்வியைக் கேட்பாள். அவ்வளவுதான், கேஸ் தள்ளுபடி.

2023 தை மாதத்தில் ஒருநாள் விடியற்காலை கிணற்றடியிலிருந்து வாளியைத் தூக்கிக்கொண்டு வந்தவள் வழுக்கி விழுந்துவிட்டாள். பக்கத்து வீட்டுப் பெண்தான் எனக்குப் போன் செய்தது. எலும்பு எதுவும் முறியவில்லை. எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் காட்டி, "முட்டி தேய்மானம் ஜாஸ்தி சார். வெயிட் தூக்கக் கூடாது" என்றார் டாக்டர். நான் பி.காம். படித்தவன். தேய்மானம் என்ற வார்த்தையை மூன்று வருஷம் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அன்றைக்கு அது எனக்கு வேறு மாதிரி கேட்டது.

பஸ்ஸில் திரும்பி வரும்போது ஒரு யோசனை வந்தது. அம்மாவிடம் இருப்பதோ ஒரே ஒரு ஆயுதம். அதைப் பிடுங்கிவிட்டால்? தண்ணி கேட்காத செடிகளாகப் பார்த்து கொல்லை முழுக்க நட்டுவிட்டால்? அப்புறம் எந்தச் செடியைக் காட்டிப் பேசுவாள்?

பத்திரிகைக்காரன் புத்தி. கேள்விக்குப் பதில் தெரியாவிட்டால் கேள்வியையே எடிட் செய்துவிடுவது.

* * *

வரதராஜப் பெருமாள் கோயிலிலிருந்து நடக்கிற தூரத்தில் எங்கள் வீடு. நெசவுக்காரர் வீடுகளுக்கே உரிய அமைப்பு. அகலம் கம்மி, நீளம் ஜாஸ்தி. வாசலில் திண்ணை, அதை ஒட்டி இரண்டடிக்கு மண். கடைசியில் கொல்லை. கொல்லையின் ஒரு மூலையில் அப்பாவின் தறிக்கொட்டகை இருந்தது. குழித்தறி. நெய்கிறவர் காலைத் தொங்கவிட்டு மிதிபலகையை மிதிப்பதற்காகத் தரையில் ஒரு குழி வெட்டியிருக்கும். அப்பா 38 வருஷம் அந்தக் குழிக்குள் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கடைசி காலத்தில் தறியை விற்றுவிட்டார். கொட்டகையின் கூரை 2015 டிசம்பர் மழையில் உட்கார்ந்துவிட்டது. உடைந்த ஓட்டையும் மண்ணையும் போட்டுக் குழியை மூடியாயிற்று.

செடிகள் அம்மாவின் சொத்து. செம்பருத்தி, கனகாம்பரம், ஒரு நந்தியாவட்டை, கிணற்றடியில் ஒரு ரோஸ் அரளி.

2019-ல் அத்திவரதர் குளத்திலிருந்து எழுந்தருளினாரே, ஞாபகம் இருக்கிறதா? ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை 48 நாள். ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்ததாகக் கணக்குச் சொன்னார்கள். அதற்கு முந்தைய தரிசனம் 1979-ல். அப்போது நான் அம்மாவின் வயிற்றுக்குள் இருந்தபடியே தரிசனம் செய்ததாக அவள் சொல்வாள். 2019-ல் எங்கள் தெருவே ஜன சமுத்திரம். திண்ணையில் யார் யாரோ படுத்திருந்தார்கள். அம்மா இரண்டு அண்டா தண்ணீரும் மோருமாக வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். 48 நாள் முடிந்து நான் போய்ப் பார்த்தபோது வாசல் மண்ணில் ஒரு செடி இல்லை. கூட்டம் மிதித்ததில் கனகாம்பரம் கூழாகியிருந்தது. பூப்பறித்த கைகளில் நந்தியாவட்டையின் கிளைகள் பாதி போயிருந்தன. "போனா போகுதுடா. எந்த ஊர்க்காரங்களோ, சாமிக்குன்னுதானே பறிச்சாங்க" என்றாள். எனக்குத் தெரிந்து அந்த இரண்டு மாதம் மாதிரி அவள் சந்தோஷமாக இருந்ததில்லை. முட்டி வலியைப் பற்றி அப்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

இதை நான் அன்றைக்கே கவனித்திருக்க வேண்டும்.

* * *

2023 மே மாதம். நெடுஞ்சாலை ஓரத்து நர்சரி ஒன்றில் வண்டியை நிறுத்தினேன். என் கண்டிஷன்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தேன். தண்ணி அதிகம் கேட்கக் கூடாது. வெயில் தாங்க வேண்டும். பூக்க வேண்டும். ஆடு மேயக் கூடாது. நர்சரிக்காரர் தாளைப் பார்க்கவே இல்லை. "எல்லாமே நல்லா வரும் சார்" என்றார். குட்டை ரக இட்லிப்பூ நாலு, ஹைபிரிட் செம்பருத்தி மூணு, முசாண்டா இரண்டு. மொத்தம் 2,340 ரூபாய். அக்கினி நட்சத்திர வெயிலில் நானே கடப்பாரை பிடித்து நட்டேன். அம்மா திண்ணையிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஆவணி பிறப்பதற்குள் 2,340 ரூபாயும் ரைட்-ஆஃப். முசாண்டா இரண்டும் முதல் வாரமே தலையைத் தொங்கப் போட்டுவிட்டன. இட்லிப்பூ மஞ்சள் காமாலை வந்த மாதிரி ஆயிற்று. செம்பருத்தியில் வெள்ளை வெள்ளையாக மாவுப்பூச்சி. அங்கிருந்து அது அம்மாவின் பழைய செம்பருத்திக்கும் ஏறிவிட்டது. "என் செடி போயிடுச்சுடா" என்று போனில் அவள் சொன்ன குரல், ஏதோ வீட்டுத் துக்கத்தைச் சொல்வது மாதிரி இருந்தது.

என்னுடன் பள்ளிக்கூடத்தில் படித்த ஒருவன் தோட்டக்கலை படித்துவிட்டு அந்தத் துறையிலேயே இருக்கிறான். அவனைக் கூட்டிக்கொண்டு போனேன். கொல்லையைச் சுற்றிப் பார்த்தான். கிணற்றடி வாளியின் உள்பக்கம் படிந்திருந்த வெள்ளை உப்பை விரலால் சுரண்டினான்.

"ஏண்டா, இந்தத் தண்ணியை ஊத்தி இட்லிப்பூ வளர்த்தா மஞ்சளாகாம என்ன பண்ணும்?"

இட்லிப்பூவுக்குக் கொஞ்சம் புளிப்பான மண் வேண்டுமாம். சுண்ணாம்புச் சத்துள்ள தண்ணீரை ஊற்ற ஊற்ற, மண்ணில் இரும்பு இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக நின்று மற்றதெல்லாம் மஞ்சளாகும். இதே பூவுக்கு வெட்சி என்று பெயர். சங்க காலத்தில் பகைவர் நாட்டு ஆநிரையைக் கவரப் போகிறவர்கள் சூடிக்கொண்டு போன பூ. மாடு பிடிக்கப் போன வீரப் பூ எங்கள் வீட்டு போர் தண்ணிக்குத் தோற்றுவிட்டது.

மாவுப்பூச்சியின் கதை இன்னும் பெரியது. 2008-ல் கோவைப் பக்கம் பப்பாளி மாவுப்பூச்சி என்று ஒரு வெளிநாட்டுப் பூச்சி தென்பட்டது. பப்பாளி, மரவள்ளி, செம்பருத்தி என்று ஒன்றையும் விடவில்லை. மல்பெரியையும் பிடித்துக்கொண்டது. மல்பெரி இல்லையென்றால் பட்டுப்புழு இல்லை; பட்டுப்புழு இல்லையென்றால் எங்கள் ஊருக்கு என்ன இருக்கிறது? மருந்தடித்தும் அடங்கவில்லை. கடைசியில் 2010-ல் போர்ட்டோ ரிக்கோ தீவிலிருந்து ஒரு பொடி ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து விட்டார்கள். அது மாவுப்பூச்சிக்குள் முட்டையிடும். கொஞ்ச காலத்தில் கொட்டம் அடங்கிற்று. வீட்டுச் செடிக்கு அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றான் நண்பன். குழாய்த் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி அடி. வேப்பெண்ணெயில் கொஞ்சம் சோப்புக் கரைத்துத் தெளி. முக்கியமாக எறும்பைத் தடு. மாவுப்பூச்சி கசியவிடும் இனிப்புக்காக எறும்பு அதைப் பாதுகாக்கும். ஏறக்குறைய மாடு வளர்க்கிற மாதிரி.

அப்புறம் அவன் சொன்னதுதான் விஷயம்.

"தண்ணி கேக்காத செடின்னு ஒண்ணு கிடையாதுடா. எந்தச் செடியும் முதல் வருஷம் கேக்கும். நர்சரிப் பையில வேர் சுத்திச் சுத்தி முடிச்சுப் போட்டிருக்கும். அது பிரிஞ்சு, கீழ இறங்கி, தானே தண்ணியைத் தேடிக்கிற வரைக்கும் நீதான் கூட இருக்கணும். நீ மே மாச வெயில்ல நட்டுட்டு ஊருக்குப் போயிட்டே."

ஆடியில் ஆரம்பித்து ஐப்பசிக்குள் நட வேண்டும். மழை பாதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். ஒன்றரை அடிக்குக் குழி, தோண்டின மண்ணோடு மக்கின எரு. சுற்றிச் சுற்றி வந்த வேரை விரலால் பிரித்துவிட்டு நட வேண்டும். முதல் இரண்டு வாரம் தினமும் தண்ணீர். அப்புறம் ஒருநாள் விட்டு ஒருநாள். பிறகு வாரத்துக்கு ஒரு தடவை, ஆனால் ஆழமாக. தினமும் ஒரு சொம்பு தெளித்தால் வேர் மேலேயே உட்கார்ந்துகொண்டு அடுத்த சொம்புக்குக் காத்திருக்கும். அடியில் சருகையோ தேங்காய் மட்டையையோ பரப்பினால் ஈரம் நிற்கும்.

இந்தத் தடவை நோட்டுப் போட்டு எழுதினேன்.

* * *

இரண்டாவது ரவுண்டுக்கு நானும் நண்பனும் உட்கார்ந்து வேட்பாளர் பட்டியல் தயாரித்தோம். நீங்களும் மொட்டை மாடியிலோ வாசலிலோ செடி வைக்கிற எண்ணத்தில் இருந்தால் உபயோகப்படும்.

முதல் பெயர் காகிதப்பூ, அதாவது போகன்வில்லா. வேர் பிடித்த பிறகு தண்ணீரைக் குறைத்தால்தான் கொத்துக் கொத்தாகப் பூக்கும். நிறையத் தண்ணீர் விட்டால் இலையாகத் தள்ளும். நாம் பூ என்று பார்க்கிற கலர் உண்மையில் பூ இல்லை, பூவடி இலை. நடுவில் வெள்ளையாக ஊசி மாதிரி நிற்பதுதான் பூ. 1767-ல் போகன்வில் என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரியின் உலகப் பயணத்தில் பிரேசிலின் ரியோ டி ஜெனிரோவில் இதைச் சேகரித்தவர் கொமர்சன் என்ற தாவர அறிஞர். கூட உதவியாளராக இருந்த 'பையன்' உண்மையில் ஆண் வேஷம் போட்ட ழான் பாரே என்ற பெண். கப்பலில் உலகத்தைச் சுற்றி வந்த முதல் பெண் என்று சரித்திரம் அவரைச் சொல்கிறது.

இவ்வளவு சுவாரஸ்யமாக அம்மாவிடம் சொன்னேன். "முள்ளு குத்தும். சாமிக்கும் ஆகாது, தலைக்கும் ஆகாது. வேணாம்" என்றாள். ழான் பாரே அவுட்.

உன்னிச்செடியை நண்பனே அடித்துவிட்டான். மஞ்சளும் ஆரஞ்சுமாகக் குட்டிக் குட்டிப் பூ, எந்த வறட்சிக்கும் அசராது. அதுதான் ஆபத்து. அழகுச் செடி என்று 19-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாவுக்குக் கொண்டுவரப்பட்டது இன்று முதுமலை, சத்தியமங்கலம் காடுகளுக்குள் புகுந்து, மானும் மாடும் மேய்கிற புல்லை அமுக்கிக்கொண்டிருக்கிறது. இதைப் போன்ற அந்நியச் செடிகளை அகற்றுவதற்கென்றே தமிழக அரசு 2022-ல் தனிக் கொள்கை வெளியிட்டது. "தாக்குப்பிடிக்கிறது எல்லாமே நல்லதுன்னு நினைச்சுக்காதே" என்றான்.

நந்தியாவட்டைக்கு ஏகமனதாகத் தேர்வு. கூட்டத்தில் பாதியாகியும் பிழைத்த ஜாதி. ராத்திரியில் லேசான வாசனை, வெட்ட வெட்டத் துளிர்க்கும். மருதாணி, வேலி ஓரத்துக்கு. அது பூக்கிற சீசனில் கொல்லையே மணக்கும் என்பது கோன் வாங்கி வைத்துக்கொள்கிற தலைமுறைக்குத் தெரியாது. டிசம்பர் பூ, மார்கழிக்கு. மழைத் தண்ணீரே அதற்குப் போதும். ஆவாரை, தெருப்பக்கம் வெயில் கொளுத்துகிற இடத்துக்கு. தோல் பதனிட அதன் பட்டையைக் காலங்காலமாக உபயோகித்தார்கள். பூவைப் பொங்கலுக்குக் காப்புக் கட்டுகிற ஊர்கள் உண்டு. ஆவாரையைப் பெயர்த்து நட்டால் முகம் சுளிக்கும். விதை போட்டு வளர்ப்பது நல்லது. "ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்று பழமொழியே இருக்கிறது என்றேன். அம்மாவுக்கு அந்த வேட்பாளரைப் பிடித்துவிட்டது.

பவழமல்லி, தறிக்குழி இருந்த இடத்துக்கு. அங்கே மண் லேசாக இருந்தது, தண்ணீர் தேங்காது. சாயங்காலம் மலர்ந்து விடியும்போது உதிர்ந்துவிடும் பூ. அதன் காவி நிறக் காம்பை ஊறவைத்து ஒரு காலத்தில் பட்டுக்குச் சாயம் ஏற்றினார்கள். "குனிஞ்சு பொறுக்க வேண்டாம்மா. ராத்திரியே ஒரு பழைய புடவையை விரிச்சு வெச்சுடு" என்றேன். "பொறுக்கத்தான்டா அந்தப் பூ" என்றாள்.

2023 ஆவணியில் எல்லாவற்றையும் நட்டோம். தினமும் தண்ணீர் ஊற்றுவதற்குப் பக்கத்து வீட்டுப் பையனை அமர்த்தினேன். அம்மா வாளியைத் தொடக் கூடாது என்று ஆர்டர். வாரத்துக்கு ஒருமுறை நானே போய் மேற்பார்வை.

* * *

மிச்சம் இருந்தது அரளி.

அரளி மாதிரி தாக்குப்பிடிக்கிற புதர்ச் செடி நம் ஊரில் குறைவு. நாலு வழிச் சாலைகளின் நடுவே லாரிப் புகையிலும் வெயிலிலும் நின்று பூத்துக்கொண்டிருக்கிறதே, பார்த்திருப்பீர்கள். ரகசியம் இலையில் இருக்கிறது. மேலே தோல் மாதிரி தடிப்பு. அடிப்பக்கம் சின்னச் சின்னக் குழிகள், குழிக்குள் ரோமம், அந்த ரோமத்துக்குள் ஒளிந்திருக்கிற மூச்சுத் துளைகள். ஈரம் சுலபத்தில் வெளியேறாது. 1945-ல் அணுகுண்டு விழுந்த ஹிரோஷிமாவில் முதலில் பூத்த செடிகளில் ஒன்று என்பதால் அந்த நகரத்தின் அதிகாரபூர்வ மலரே அரளிதான். ஆடு தொடாது, மாடு தொடாது.

ஏன் தொடாது என்பதுதான் பிரச்னை. வேர், தண்டு, இலை, பூ, பால், எல்லாமே விஷம். இதயத் துடிப்பைக் குலைக்கிற விஷம்.

2024 மே மாதத்தில் கேரளாவில் திருவிதாங்கூர் தேவசம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூவைச் சேர்க்க வேண்டாம் என்று முடிவெடுத்தது. அரளியை வாயில் போட்டதாகச் சந்தேகிக்கப்பட்ட ஒரு இளம்பெண்ணின் மரணம் அதற்கு முன்னால் பெரிய செய்தியாகியிருந்தது. செய்தியைப் படித்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பக்கத்து வீட்டுக் குழந்தை அப்போதுதான் தவழ்ந்து எங்கள் கொல்லைக்கு வர ஆரம்பித்திருந்தது. கையில் கிடைத்ததெல்லாம் வாய்க்குள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அரிவாளோடு போனேன். "கிணத்தடி அரளியை எடுத்துடலாம்மா."

அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னாள்.

"இங்க முன்னாடி மஞ்ச அரளி ஒண்ணு இருந்துச்சு, ஞாபகம் இருக்கா?"

இல்லை.

"நீ ஆறாவது படிச்சே. தறிக்கு வேலையே இல்லாத வருஷம். நம்ம தெருவுல ஒரு பொண்ணு, என்னை அக்கா அக்கான்னு கூப்பிடும், தார் சுத்த வரும். ஒருநாள் நம்ம செடியிலேர்ந்துதான் காயைப் பறிச்சிட்டுப் போயிருக்கு. காப்பாத்த முடியலை. அன்னிக்கு ராத்திரி உங்கப்பா கடப்பாரை எடுத்துட்டு வந்து வேரோட தோண்டி எறிஞ்சாரு. பேசவே இல்லை. விடிஞ்சதும் தறியில போய் உட்கார்ந்தாரு. பாவு இல்லாத தறி. சும்மா உட்கார்ந்திருந்தாரு."

முப்பது வருஷத்துக்கு மேலாக எனக்குத் தெரியாத விஷயம். இலங்கையிலும் 1980-களிலிருந்து இந்த மஞ்சள் அரளி பல குடும்பங்களைக் கதற வைத்திருக்கிறது. மாற்று மருந்து பலன் தருகிறது என்று அங்கே நடந்த ஆய்வு 2000-ல் வெளியாயிற்று. யாராவது எதையாவது வாயில் போட்டுவிட்டால் கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், அரளி என்று டாக்டரிடம் சொல்ல வேண்டும். மனசு சரியில்லாதவர்கள் இருக்கிற வீட்டில், அவர்களோடு உட்கார்ந்து பேச ஒரு ஆள் வேண்டும். அம்மா சொன்னதும் அதைத்தான்.

"அந்தப் பொண்ணு அன்னிக்குக் காலையில பூ கேக்கத்தான் வந்துச்சு. நான் அடுப்பு வேலையா இருந்தேன். பறிச்சிக்கோடீன்னு உள்ளேயிருந்தே சொல்லிட்டேன். வெளியே வந்து மூஞ்சியைப் பார்த்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

பிறகு அவளே அரிவாளை என் கையிலிருந்து வாங்கி, ரோஸ் அரளியின் முதல் கிளையை வெட்டினாள். மிச்சத்தை நான் வெட்டினேன். நண்பன் சொன்னபடி கையுறை போட்டுக்கொண்டேன். கிளைகளை எரிக்கவில்லை, அந்தப் புகையும் ஆகாது.

* * *

2024 தீபாவளிக்குள் கொல்லை செட்டாகிவிட்டது. நந்தியாவட்டை இடுப்பளவு. மருதாணி வேலி. ஆவாரை மஞ்சளாக மொட்டுவிட்டிருந்தது. ஒரு வருஷம் முடிந்ததால் பையனுக்குக் கணக்குத் தீர்த்து அனுப்பிவிட்டேன். நடு ஹாலில் உட்கார்ந்து என் கேஸை எடுத்து வைத்தேன்.

"அம்மா, இனிமே எந்தச் செடியும் தண்ணி கேக்காது. வாரத்துக்கு ஒரு தடவை ஊத்தினா போதும். அதுகூட மழைக்காலத்துல வேணாம். நீ தைரியமா மெட்ராஸ் வரலாம்."

அம்மா சிரித்தாள்.

"இதுக்குத்தான் இவ்வளவு செலவான்னு எனக்கு அப்பவே தெரியும்டா. நீ முதல் தடவை வெயில்ல நட்டப்பவே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லலே?"

"சொன்னா வருவியா? ஒரு வருஷமா வாரா வாரம் வந்தியே. அதுக்கு முன்னாடி எப்ப வந்தே?"

நான் ஒன்றும் சொல்லவில்லை. கணக்குப் போட்டுப் பார்த்தால் தீபாவளி, பொங்கல், அப்பாவின் திதி.

"ராத்திரியெல்லாம் முட்டி வலி தூங்க விடாது. நாலு மணிக்கு முழிப்பு வந்துடும். எழுந்திருக்கணும்னே தோணாது. செடி காயுமேன்னுதான் எழுந்திருப்பேன். எழுந்துட்டா நடக்கலாம். நடந்தா பூப்பறிக்கலாம். பூ இருந்தா நாலு பொண்ணுங்க வந்து 'பெரியம்மா, ரெண்டு பூ குடுங்க'ன்னு கேக்கும். மூஞ்சியைப் பார்த்து நாலு வார்த்தை பேசுவேன். தண்ணி கேக்காத செடி எனக்கு எதுக்குடா?"

திருக்கச்சி நம்பிகள் பூவிருந்தவல்லியில் நந்தவனம் வைத்து, அந்தப் பூவை எங்கள் ஊர் வரதருக்கு எடுத்து வந்து சமர்ப்பித்தார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரிந்த கதை. பெருமாள் அவரோடு பேசுவார் என்பார்கள். சின்ன வயசில் கேட்டபோது, அவ்வளவு தூரம் ஏன் அலைய வேண்டும், காஞ்சிபுரத்திலேயே தோட்டம் போட்டிருக்கலாமே என்று கேட்டு அம்மாவிடம் குட்டு வாங்கியிருக்கிறேன். இப்போது அந்தக் கேள்வியைக் கேட்க மாட்டேன்.

கடைசியில் ஒப்பந்தம் ஒன்று போட்டோம். கிணற்றடியிலிருந்து ஒரு டியூப் இழுத்து, குழாயைத் திறந்தால் போதும் என்று செய்தாயிற்று. வாளி பரண் மேல் ஏறிவிட்டது. புதுச் செடிகள் அப்படியே நிற்கும். ஒரு வாரம் அம்மாவுக்கு முடியவில்லை என்றாலும் அவை சாகாது. அரளியைத் தோண்டிய இடத்தில் அம்மா ஒரு கனகாம்பரமும் ஒரு நாட்டுச் செம்பருத்தியும் கேட்டாள். இரண்டுமே அடிக்கடி தண்ணீர் கேட்கிற கேஸ். வாங்கிக்கொண்டு போனேன். ஹைபிரிட் இல்லை. அடுத்த தெருவிலிருந்து கிளை ஒடித்து வந்து நட்டது.

போன வாரம் போயிருந்தேன். பவழமல்லி தலைக்கு மேல் போய்விட்டது. விடியற்காலையில் தறிக்குழி இருந்த இடம் முழுக்க வெள்ளையும் காவியுமாகக் கிடந்தது. அம்மா புடவை எதையும் விரிக்கவில்லை. ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டுக் குழந்தை இப்போது நடக்கிறது, கூட உட்கார்ந்து பொறுக்கியது. ஒரு பூ வாய்க்குப் போனது. அம்மா விரலை விட்டு எடுத்துவிட்டு, "அடி! இது சாமிக்குடீ" என்றாள்.

கிளம்பும்போது பழக்க தோஷத்தில், "பேசாம என்கூட வந்துடேம்மா" என்றேன்.

கிணற்றடிக் கனகாம்பரத்தைக் கை காட்டினாள்.

"அதுக்கு யாருடா தண்ணி ஊத்துவா?"

"சரிம்மா. சனிக்கிழமை வரேன்" என்றேன்.